அளவோடு குடிப்பவரின் வீட்டிலிருந்து வந்த கேள்வி

கேள்வி: நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநராக இருக்கிறேன். என் வீட்டுக்காரருக்கு வயது 44. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறார். தினமும் ராத்திரி ஒரு குவார்ட்டர் மட்டும் குடிப்பார். சண்டை போட மாட்டார், கை நீட்ட மாட்டார், வீட்டுச் செலவுக்கும் ஒழுங்காகப் பணம் தருகிறார். "மூட்டை தூக்குகிற உடம்புக்கு இதுதான் மருந்து" என்கிறார். மாமனாரும் குடித்தவர்தான், 81 வயது வரை இருந்தார். எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நடந்து போகும் வாய்க்கால் கரைச் சாலையில் டாஸ்மாக் கடை இருக்கிறது. அதை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரக் குழுப் பெண்கள் முடிவு செய்திருக்கிறார்கள். முதல் கையெழுத்தை நான் போட வேண்டும். வீட்டுக்காரரோ, "கடையை எடுத்தால் காரைக்கால் சரக்கும் கள்ளச்சாராயமும்தான் வரும், கள்ளக்குறிச்சி மாதிரி ஆகிவிடும், அளவோடு குடிக்கிறவனை எதற்குத் தண்டிக்கிறீர்கள்?" என்று கேட்கிறார். அளவோடு குடித்தாலும் கெடுதல்தானா? நான் கையெழுத்துப் போடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கணவரை ஊரார் முன் குறைத்துப் பேசிவிடக் கூடாது என்ற கவனமும், அந்தச் சாலையில் நடந்து போகும் பிள்ளைகளைப் பற்றிய கவலையும் அதில் சேர்ந்தே இருந்தன. முதல் கேள்விக்கு விடை தெளிவாகிவிட்டால் இரண்டாவது கேள்வியின் பாரம் பாதி குறைந்துவிடும் என்பதால், உடம்பிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் அந்த "மட்டும்" என்ற சொல்லைப் பார்ப்போம். என் மேசையில் இருமல் மருந்துப் புட்டியின் மூடி ஒன்று எப்போதும் இருக்கும். விளிம்பு வரை ஊற்றினால் அது 10 மில்லி பிடிக்கும். குடிப்பழக்கத்துக்காக வருகிறவர்களிடம் நான் முதலில் காட்டுவது அதைத்தான். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. நம் கடைகளில் விற்கும் பிராந்தி, ரம், விஸ்கி ஆகியவற்றில் சாராயத்தின் அளவு ஏறத்தாழ 42.8 சதவீதம். அப்படியானால் ஒரு குவார்ட்டருக்குள் இருக்கும் கலப்பில்லாத சாராயம் 77 மில்லி. அதாவது ஏழு மூடி நிறைய, எட்டாவது மூடியில் முக்கால் அளவு. எடையில் சொன்னால் சுமார் 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் 10 கிராமை ஓர் அலகாகக் கணக்கிடுகிறது. ஆகவே உங்கள் கணவர் ஒவ்வொரு இரவும் குடிப்பது ஆறு அலகு. ஓர் ஆண் ஒரு நாளைக்கு 60 கிராமைத் தாண்டினால் அதை உயர் அபாயம் என்று அந்த நிறுவனம் வகைப்படுத்துகிறது. அவர் அந்தக் கோட்டின் மேலேயே நின்றுகொண்டிருக்கிறார். "கட்டிங்" என்று இரண்டு பேர் பங்கிட்டுக் குடிப்பதுகூட ஆளுக்கு மூன்று அலகு. கடுமையான பீர் என்றால் 650 மில்லி பாட்டில் ஒன்றில் நான்கு அலகு வரை இருக்கும். உடம்புச் சூட்டைத் தணிப்பதற்காக பீர் குடிக்கிறேன் என்று சொல்கிறவர்களுக்கும், கள் இயற்கையானதுதானே என்று கேட்கிறவர்களுக்கும் நான் சொல்லும் பதில் ஒன்றே: பாட்டிலும் பானையும் வேறாக இருக்கலாம், உள்ளே இருக்கும் எத்தனால் என்ற சாராயம் ஒன்றுதான்.

அந்த எத்தனால் உடம்புக்குள் போனதும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக மாறுகிறது. அது உயிரணுக்களின் மரபுப்பொருளைச் சிதைக்கிறது. சிதைந்ததைச் செப்பனிடும் வேலைக்கும் இடையூறு செய்கிறது. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 1988ஆம் ஆண்டிலேயே மதுபானங்களை, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. புகையிலையும் கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும் அதே பிரிவு அது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடலும் மலக்குடலும், பெண்களின் மார்பகம் என ஏழு இடங்களில் மது புற்றுநோயை உண்டாக்குகிறது என்பது உறுதிப்பட்டிருக்கிறது. இவற்றில் சில, குறிப்பாக மார்பகம், உணவுக்குழாய், வாய் ஆகியவற்றில் வரும் புற்றுநோய்க்கான வாய்ப்பு, குறைவாகக் குடிப்பவர்களுக்கும் கூடுகிறது. 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம், உடல்நலத்துக்குக் கேடில்லாத மது அளவு என்று எதுவும் இல்லை என வெளிப்படையாக அறிவித்தபோது, ஐரோப்பிய வட்டாரத்தில் மதுவால் வரும் புற்றுநோய்களில் பாதி, குறைவாகவும் மிதமாகவும் குடிப்பவர்களுக்கே வருவதைச் சுட்டிக்காட்டியது.

தஞ்சாவூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் நடக்கும் மருத்துவ முகாம்களில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கேள்வியைக் கேட்டு வருகிறேன்: குடித்தால் என்ன நோய் வரும்? எல்லாரும் தயக்கமின்றி "ஈரல் கெட்டுவிடும்" என்பார்கள். யாராவது "புத்தி கெட்டுவிடும், குடும்பம் கெட்டுவிடும்" என்று சேர்த்துக்கொள்வார்கள். தொண்டைப் புற்று என்றோ குடல் புற்று என்றோ, நான் எடுத்துக் கொடுக்காமல் சொன்னவர்கள் மிகச் சிலர். மார்பகப் புற்று என்றால் பெண்களே வியந்து பார்ப்பார்கள். வெற்றிலையும் புகையிலையும் போடும் பழக்கம் நம் பக்கத்தில் எவ்வளவு பரவலானது என்பது உங்களுக்குத் தெரியும். புகையிலையும் மதுவும் ஒரே ஆளிடம் சேரும்போது வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகியவற்றில் வரும் புற்றுநோய்க்கான வாய்ப்பு இரண்டையும் கூட்டினால் வருவதைவிட அதிகமாகிறது; ஏனென்றால் மது உள்வாயின் மெல்லிய தோலை இளக்கி, புகையிலையின் நச்சு உள்ளே இறங்க வழிவிடுகிறது. உங்கள் கணவருக்குப் புகையிலை போடும் பழக்கம் இருந்தால், அவர் வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கின் ஓரத்திலோ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளைத் திட்டோ, சிவந்த திட்டோ இருந்தால் இந்தக் கடிதத்தை மூடி வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

உங்கள் மாமனாரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர் 81 வயது வரை வாழ்ந்தது மகிழ்ச்சிக்குரியது. அவருடன் அமர்ந்து குடித்தவர்களில் 50 வயதிலும் 55 வயதிலும் போனவர்கள் யார் யார் என்று ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். நீண்ட நாள் வாழ்ந்தவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், எல்லாரும் அவரைப் பார்க்கிறோம். முன்னால் போனவர்கள் கணக்கில் வருவதில்லை. கொஞ்சமாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்று ஒரு காலத்தில் ஆராய்ச்சியாளர்களே சொன்னதும் ஏறக்குறைய இதே பிழையால்தான். உடம்பு கெட்டதால் குடியை விட்டவர்களையும் "குடிக்காதவர்கள்" என்ற பட்டியலில் சேர்த்துக் கணக்கிட்டதால், குடிப்பவர்கள் அவர்களைவிட நலமாக இருப்பதுபோலத் தோன்றியது.

உடம்பு வலிக்கு மருந்து என்ற வாதத்தை மட்டும் நான் எளிதில் ஒதுக்க மாட்டேன், ஏனென்றால் அந்த வலி உண்மை. குறுவை அறுவடைக்கும் சம்பா அறுவடைக்கும் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டைகளை நாள் முழுவதும் சுமந்து லாரியில் ஏற்றுகிறவரின் தோளும் இடுப்பும் எப்படி இருக்கும் என்பதைத் தொட்டுப் பார்த்தவன் நான். ஆனால் மது வலியை ஆற்றுவதில்லை, சில மணி நேரம் மறைக்கிறது. தூக்கம் வருவதுபோல் இருந்தாலும் நள்ளிரவுக்குப் பின் தூக்கத்தைக் கலைக்கிறது. காலையில் எழும்போது உடம்பு முந்தைய நாளைவிடக் கனமாக இருக்கிறது. அந்தக் கனத்துக்கு மறுபடியும் ஒரு குவார்ட்டர் தேவைப்படுகிறது. இதற்கிடையில் மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிய வலி மாத்திரையும் சேர்ந்துவிட்டால், பாராசிட்டமால் ஈரலைத் தாக்குகிறது, டைக்ளோஃபினாக் போன்றவை இரைப்பையில் இரத்தக் கசிவை உண்டாக்குகின்றன. அவர் சட்டைப் பையில் மாத்திரை அட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். நீங்கள் இதைப் படித்துவிட்டு, "நாளை முதல் சொட்டுக்கூடக் கூடாது" என்று அவரைக் கட்டாயப்படுத்திவிடாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன், குடலிறக்க அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த ஒரு சுமைதூக்கும் தொழிலாளியைப் பார்க்க என்னை அழைத்தார்கள். மூன்றாம் நாள். போர்வையில் கட்டெறும்பு ஊர்வதாகச் சொல்லி, இல்லாத எறும்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தரையில் போட்டுக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் வேர்வை. விரல்கள் சுளகில் போட்ட நெல்லைப்போல் துள்ளின. காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று அவருடைய அம்மா இடுப்பில் தாயத்துக் கட்டியிருந்தார். தினமும் குடிப்பார் என்பதை வெட்கப்பட்டு மருத்துவரிடம் குடும்பத்தார் சொல்லவில்லை. மருத்துவமனையில் மது கிடைக்காததால் வந்த நிலை அது. சரியான நேரத்தில் மருந்து கொடுத்ததால் பிழைத்துக்கொண்டார். பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பும், மூன்றாம் நாள் வாக்கில் இப்படிப்பட்ட பிதற்றலும் வரக்கூடும்; உயிருக்கே ஆபத்தாகலாம். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு அன்றே நிறுத்துகிறவர்களில் சிலர் மூன்றாம் நாள் எங்களிடம் வருவது இதனால்தான். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். கயிறு கட்டுவதற்கு முன் மருத்துவரைப் பார்த்துவிட்டால் அந்த நம்பிக்கையும் காப்பாற்றப்படும், ஆளும் காப்பாற்றப்படுவார். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடும் வழக்கம் உங்கள் கணவருக்கு உண்டா? அந்த நாள்களில் கை நடுக்கமும் தூக்கமின்மையும் இல்லாமல் இருக்க முடிகிறது என்றால் அது மிக நல்ல அறிகுறி. அவரால் விட முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கையெழுத்துப் போடுங்கள் என்பதே என் பதில். காரணத்தைச் சொல்கிறேன்.

நம் ஊரில் மதுவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் குடிகாரரைப் பற்றிய பேச்சாகவே இருக்கிறது. சாக்கடையோரம் விழுந்து கிடப்பவர், மனைவியை அடிப்பவர், தாலியை அடகு வைப்பவர். அதனால் அப்படி இல்லாத ஒருவர், உங்கள் கணவரைப் போன்ற ஒருவர், கடைக்குக் கட்டுப்பாடு என்றதும் "நான் என்ன தப்புச் செய்தேன்?" என்று கேட்கிறார். குடிப்பவரின் குணத்தைப் பொறுத்தே கெடுதல் என்று நினைக்கும்வரை அந்தக் கேள்வி நியாயமாகவே தோன்றும். பாட்டிலில் இருக்கும் பொருளே நல்லவருக்கும் கெட்டவருக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று தெரிந்த பிறகு, கட்டுப்பாடு என்பது தண்டனையாகத் தெரியாது. குடிநீர்க் குழாயைச் சோதிப்பதைப் போன்ற பொதுக் காரியமாகத் தெரியும். இது என் ஊகம் மட்டும் இல்லை. கனடாவின் யூக்கான் பகுதியில் 2017ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக்காக மதுப் பாட்டில்களில் "மது புற்றுநோயை உண்டாக்கும்" என்ற எச்சரிக்கையை ஒட்டினார்கள். மது நிறுவனங்களின் எதிர்ப்பால் அந்த ஒட்டு ஒரு மாதத்திலேயே நிறுத்தப்பட்டது. ஆனாலும் அந்தக் குறுகிய காலத்துக்குப் பிறகு மக்களிடம் கேட்டபோது, மதுவுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் புதிதாக அறிந்துகொண்டவர்கள், மது விலைக் கட்டுப்பாடு போன்ற நடவடிக்கைகளை மற்றவர்களைவிட அதிகமாக ஆதரித்தது தெரியவந்தது.

நம் பாட்டில்களில் "மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு" என்று அச்சிட்டிருக்கிறது. நல்ல வாசகம்தான். ஆனால் எந்த உறுப்புக்கு என்ன கேடு என்பதை அது சொல்லவில்லை. சிகரெட் பெட்டியின் இரு பக்கங்களிலும் 85 சதவீத இடத்தில் புற்றுநோயின் படத்தைப் போட வேண்டும் என்பது 2016 முதல் இந்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. அதே முதல் பிரிவில் இருக்கும் மதுவுக்குப் புற்றுநோய் என்ற ஒரு சொல்கூட இல்லை. அயர்லாந்து 2023ஆம் ஆண்டு அதைக் கட்டாயமாக்கும் விதிகளைக் கொண்டுவந்தது. நம்மிடமும் அது வர வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உங்கள் கணவரின் அச்சத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் என்ற நஞ்சு கலந்த சாராயத்தைக் குடித்து 65 பேருக்கும் மேல் இறந்தார்கள். ஆனால் தமிழ்நாட்டில் மதுவிலக்கு இல்லை. அங்கும் அரசு மதுக்கடைகள் இயங்கிக்கொண்டுதான் இருந்தன. கடை இல்லாததால் அந்தச் சாவுகள் நடக்கவில்லை. மலிவாக விற்ற நஞ்சைத் தடுக்க வேண்டியவர்கள் தடுக்காததால் நடந்தன. காரைக்கால் சரக்கைப் பற்றி அவர் சொல்வது உண்மை. பக்கத்திலேயே வேறு வரி, வேறு விலை என்று இருக்கும்வரை அது திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் வரத்தான் செய்யும், இன்று கடை இருக்கும்போதும் வருகிறது. அதற்கு வேண்டியது சோதனையும் கைதும். மதுவிலக்குப் பிரிவின் 10581 என்ற கட்டணமில்லா எண்ணில் யாரும் புகார் சொல்லலாம். மேலும் உங்கள் தீர்மானம் ஊரில் எவரும் குடிக்கக் கூடாது என்று கேட்கவில்லை. பிள்ளைகள் தினமும் நடக்கும் வழியில் கடை வேண்டாம் என்று மட்டும்தான் கேட்கிறது. கடை எவ்வளவு அருகில், எவ்வளவு நேரம், என்ன விலையில் என்ற மூன்றையும் ஒட்டியே ஓர் ஊரின் குடி கூடுகிறது அல்லது குறைகிறது. ஆகவேதான் உலக சுகாதார நிறுவனம் மதுவின் கேட்டைக் குறைக்கச் சொல்லும் வழிகளில் கிடைப்பதைக் கட்டுப்படுத்துவது முன்வரிசையில் இருக்கிறது. அரசுக்கு வருமானம் போய்விடும் என்பார்கள். 2023-24இல் மது விற்பனை வழியே அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது உண்மைதான். அது எங்கிருந்து வந்தது என்பதை, கொள்முதல் நிலையத்தில் கூலி வாங்கும் நாளன்று உங்கள் தெருவில் நின்று பார்த்தாலே தெரியும்.

நாற்று நடும்போது உள்ளங்காலில் குத்திய பழுப்புநிறக் கண்ணாடிச் சில்லைச் செவிலியர் இடுக்கியால் எடுக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வாழ்நாளில் ஒரு சொட்டும் குடிக்காதவர் அவர். வாய்க்கால் கரையில் கடை இருந்தால் பாட்டில் வயலுக்குத்தான் வரும். கிராம சபையில் இதையும் சொல்லுங்கள்.

சட்டம் என் துறை அன்று என்றாலும், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மாநகராட்சி, நகராட்சி தவிர்த்த இடங்களில், வழிபாட்டுத் தலத்திலிருந்தும் கல்வி நிறுவனத்திலிருந்தும் 100 மீட்டருக்குள் மதுக்கடை அமைக்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ஆகவே முதலில் நாடா பிடித்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 100 மீட்டருக்கு மேல் இருந்தாலும் மனம் தளர வேண்டாம். பிள்ளைகள் நடக்கும் வழி, விபத்து, வயலில் விழும் கண்ணாடி எல்லாம் தனிக் காரணங்களே. தீர்மானம் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்து, நகல் ஒன்றை வாங்கி, மாவட்ட ஆட்சியரிடம் திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் நேரில் கொடுங்கள். கிராம சபைத் தீர்மானத்தால் மட்டும் கடை மறுநாளே நகர்ந்துவிடாது. ஆனால் அது இல்லாமல் போகும் மனுவுக்கு இருக்கும் மதிப்பும் அதோடு போகும் மனுவுக்கு இருக்கும் மதிப்பும் வேறு. பேசும்போது குடிக்கிற ஆண்களைத் திட்ட வேண்டாம். அந்த ஏழு இடங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். குடிப்பவர்களே முன்வந்து கையெழுத்துப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். தங்கள் மகன் அந்தக் கடைக்குப் போவதை அவர்களும் விரும்புவதில்லை.

தீர்மானத்தில் இன்னொரு வரியையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்: குடியை விட விரும்புகிறவர்களுக்கு ஊரிலேயே ஒரு சிகிச்சை முகாம். இது நம் மண்ணுக்குப் புதிதில்லை. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, 1980களின் இறுதியிலிருந்தே உங்கள் திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் கிராமத்தாரின் துணையோடு குடிநோய்ச் சிகிச்சை முகாம்களை நடத்தியது. நகரத்து மருத்துவமனைக்குப் போகத் தயங்கும் உழைப்பாளிகள், சொந்த மண்ணில், சொந்த மனிதர்களின் கண் முன்னே தெளிந்து எழுந்தார்கள். கடையை அகற்றக் கேட்கும் ஊர், குடிக்கிறவருக்குக் கை கொடுக்கவும் கேட்டால், "எங்களைத் தண்டிக்கிறீர்கள்" என்ற பேச்சுக்கு அங்கே இடம் இருக்காது.

உங்கள் கணவரிடம் இரவில் அவர் குடித்திருக்கும்போது பேச வேண்டாம். காலையில், தேநீர் குடிக்கும் வேளையில் பேசுங்கள். டம்ளரை ஒரு கையால் நடுக்கமின்றிப் பிடிக்கிறாரா, இரண்டு கையால் பிடிக்கிறாரா என்பதையும் அப்போதே கவனித்துக்கொள்ளுங்கள். நடுக்கமோ, விடியலில் குமட்டலோ, வேர்வையோ இருந்தால் வீட்டில் நிறுத்திப் பார்க்காமல் திருவாரூர் அல்லது தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே நிறுத்தும் நாள்களைப் பாதுகாப்பாகக் கடக்க மருந்தும், நரம்புகளைக் காக்க பி1 வைட்டமினும் கொடுப்பார்கள். ஏக்கத்தைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகளும் உண்டு. போவதற்குத் தயங்கினால் 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணில் முதலில் பேசலாம். "அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்று சுவரொட்டியில் வரும் பொடியையோ மாத்திரையையோ தயவுசெய்து வாங்காதீர்கள். மதுவோடு சேர்ந்தால் உடம்பைக் கடுமையாகப் பாதிக்கும் டைசல்ஃபிராம் போன்ற மருந்து உள்ளே இருக்கும்போது, அது தெரியாமல் மது குடித்தால் இரத்த அழுத்தம் திடீரென்று சரிந்து உயிர் போகக்கூடும்.

மருத்துவமனைக்குப் போகும்போது அவர் எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார் என்பதை வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். அந்தச் சட்டைப் பை மாத்திரை அட்டையையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.